சட்டகம் தாங்கும் சுமை

மீன்தொட்டியொன்றின் முன்னே நிற்போர் மீனைப் பார்ப்பர், நீர்ச்செடியைப் பார்ப்பர், சிலர் கண்ணாடியிற் படிந்த பாசியையும் பார்ப்பர். தொட்டியின் விளிம்பைச் சுற்றியோடும் சட்டகத்தைப் பார்ப்போர் மிகச் சிலரே. படத்துக்குச் சட்டமிட்டாற்போல அழகு கருதி அமைக்கப்பட்ட ஒன்றாகவே அது பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. படத்தின் சட்டத்தைக் கழற்றினாலும் படம் படமாகவே இருக்கும். மீன்தொட்டியின் சட்டகம் தளர்ந்தால் நீரும் மீனும் நிலத்தில் வந்து சேரும். ஆதலால், சட்டகம் பழுதுற்றவிடத்து முதலில் எழவேண்டிய வினா, அதனை எவ்வாறு ஒட்டுவது என்பதன்று. இதுகாறும் அது எதனைத் தாங்கி நின்றது என்பதே.

அண்மையில் வலிகாமத்து வீடொன்றில் இவ்வினா எழுந்தது. அவ்வீட்டின் தலைவர், இன்று உயிரோடில்லாதவர், எழுபதுகளின் பிற்பகுதியில் தம் கையாலேயே ஒரு மீன்தொட்டியை அமைத்திருந்தார். ஆங்கிள் இரும்பை அளந்து வெட்டி, மூலைகளை உருக்கியொட்டி, நான்கடி நீளத்தில் ஒரு கூடு செய்து, அதனுள் கண்ணாடிகளைப் புட்டி வைத்துப் பதித்தார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது அக்குடும்பமும் பெயர்ந்தது. புறப்படுமுன் அவர் மீன்களை வாளியில் அள்ளிக் கிணற்றில் விட்டுச் சென்றார் என்று வீட்டார் கூறுவர். அடுத்த ஆண்டு திரும்பியபோது கூரையின் ஒரு பகுதி இல்லை. தொட்டியின் கண்ணாடிகளும் இல்லை. இரும்புக்கூடு மட்டும் நின்றது. பின்னர் அது கோடிப்புறத்துக்குப் போயிற்று. சில காலம் ஊமலும் சில காலம் பழைய சாக்குகளும் அதனுள் கிடந்தன. மழை நீரும் மாவிலைச் சருகும் என்றும் கிடந்தன.

அவருடைய பேர்த்தி பேராதனையிற் பொறியியல் பயில்பவள். விடுமுறைக்கு வந்திருந்தபோது அப்பம்மா அவளைக் கோடிப்புறத்துக்கு அழைத்துச் சென்று, "இதுக்குள்ளை திரும்ப மீன் விடேலுமோ பிள்ளை?" என்று கேட்டார். கூட்டை எறிந்துவிட்டுப் புதிய கண்ணாடித் தொட்டியொன்றை வாங்கலாம் என்பது பேர்த்தியின் கருத்து. செலவும் குறைவு, ஐயமும் குறைவு. சந்தியில் வெல்டிங் கடை வைத்திருப்பவர் வேறொரு வழி சொன்னார். "ஒட்டின கண்ணாடித் தொட்டி ஒண்டை உள்ளுக்கை வைச்சிட்டு, கூட்டுக்குப் பெயின்ற் அடிச்சு விடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?" முதியவருக்கு இரண்டும் உடன்பாடாகவில்லை. "சும்மா வடிவுக்கெண்டால் வேண்டாம். தாங்குமெண்டால் வை. தாங்காதெண்டால் பழைய இரும்புக்காரனுக்குக் குடு" என்றார். கணவன் செய்த பொருள் என்பதற்காக அதனைக் காட்சிப் பொருளாக்க அவர் விரும்பவில்லை. வேலை செய்யுமாயின் இருக்கட்டும். இல்லையேற் போகட்டும் என்பதே அவர் நிலைப்பாடு. எனவே, தாங்குமா என்பதை அறிந்து சொல்லும் பொறுப்பு பேர்த்தியின் மேல் விழுந்தது.

இதற்கு இரும்புக்கூட்டுத் தொட்டியின் இயல்பை அறிதல் வேண்டும். கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வைத்து ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஜான் வில்ப்ரோ-பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. 1832ஆம் ஆண்டளவில் அவர் சிசிலித் தீவின் மெசினா நகரில் இத்தகைய தொட்டிகளை அமைத்தார். 1853ஆம் ஆண்டு இலண்டன் விலங்கியற் சோலையில் பொதுமக்கள் பார்வைக்கு மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூலின் வாயிலாக 'அக்குவாரியம்' என்னும் பெயர் பரவிற்று. அதன் பின்னர் நூறாண்டுக்கு மேலாக வீட்டுத் தொட்டிகள் பெரும்பாலும் உலோகச் சட்டகமும் புட்டியும் கொண்டே அமைந்தன. 1960களிற் சிலிக்கோன் பசை இத்துறையில் வழக்குக்கு வந்ததும் கண்ணாடியைக் கண்ணாடியோடு நேரே ஒட்டும் முறை பரவியது. இரும்புக்கூடு படிப்படியாக மறைந்தது.

இவ்விரு முறைகளும் தோற்றத்தில் மட்டும் வேறுபட்டவை அல்ல. சுமையைத் தாங்கும் வகையிலேயே வேறுபட்டவை. பழைய தொட்டியிற் கண்ணாடி சட்டகத்தின் உட்புறத்தே நிற்கும். நீர் அதனை வெளிநோக்கித் தள்ளும்போது அது புட்டியின் மேல் அழுந்தும். புட்டி இரும்பின் மேல் அழுந்தும். நீர் மிகுந்தோறும் மூட்டு இறுகும். நீர் தன் ஓட்டையைத் தானே அடைக்கின்றது எனலாம். புதிய தொட்டியிலோ நீரின் தள்ளுகை கண்ணாடிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முயலும். அதனைப் பசை ஒன்றே தடுத்து நிற்கும். முன்னையதில் இரும்பு உழைக்கின்றது. பின்னையதிற் பசை உழைக்கின்றது. கடைக்காரர் சொன்னபடி ஒட்டிய தொட்டியைக் கூட்டினுள் வைத்திருப்பின் கூடு வெறும் உடையாகியிருக்கும்.

இனி, சுமை எவ்வளவு என்பதைப் பார்ப்போம். அத்தொட்டி 120 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் 45 சென்ரிமீற்றர் உயரமும் உடையது. 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நீர் நிரப்பின் அது 192 லீற்றர்; எடை 192 கிலோகிராம். ஏறத்தாழ மூன்று ஆட்களின் எடையைக் கீழ்ச்சட்டங்கள் இரவு பகலாகச் சுமக்கவேண்டும். இதனோடு, நீண்ட பக்கக் கண்ணாடி ஒவ்வொன்றையும் வெளிநோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 96 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். நீரின் அமுக்கம் ஆழத்தையே பொறுத்தது, பாத்திரத்தின் பருமனைப் பொறுத்ததன்று என்பதை 1586ஆம் ஆண்டிலேயே சைமன் ஸ்டீவின் எடுத்துக்காட்டினார். தொட்டியின் அகலத்தை இரட்டித்தாலும் நீண்ட கண்ணாடியின் மேலுள்ள விசை மாறாது. ஆழத்தை இரட்டித்தால் அது நான்கு மடங்காகும்.

நீர்மட்டத்தில் அமுக்கம் இல்லையாதலால் மேற்சட்டத்துக்கு வேலையில்லை என்று எண்ணுதல் தவறு. கண்ணாடியின் அடியும் இரு பக்கங்களும் பிடிக்கப்பட்டிருக்க, மேல்விளிம்பு மட்டும் பிடியின்றி இருப்பின், அவ்விளிம்பின் நடுப்பகுதியே மிகுதியாக வெளியே வளையும். அவ்வளைவைத் தடுப்பதே மேற்சட்டத்தின் கடன். இன்று கடைகளிற் கிடைக்கும் தொட்டிகள் சிலவற்றில் நடுவிற் குறுக்காக ஓடும் பிளாத்திக்குத் துண்டும் இவ்வேலையையே செய்கின்றது. சீரான சுமையேற்ற ஓர் உத்தரத்தின் நீளம் அரைவாசியானால் அதன் வளைவு பதினாறில் ஒன்றாகக் குறையும். கண்ணாடி விளிம்பு முற்றிலும் உத்தரத்தைப் போன்றதன்று. எனினும் அச்சிறு குறுக்குத் துண்டு எத்துணை உதவுகின்றது என்பதை இவ்விதி ஓரளவு உணர்த்தும்.

அத்தகைய குறுக்குத் துண்டு முறிந்த வீடுகளிற் பலர் செய்வது யாதெனில், முறிந்த இரு முனைகளையும் பொருத்திப் பசை தடவிவிடுவதாகும். நீர் நிறைந்து கண்ணாடி ஏற்கனவே வளைந்திருக்கும் நிலையில் ஒட்டப்பட்ட துண்டு, வளைந்த நிலையையே நிலையாக்கும். மேலும், பிளாத்திக்கு வகைகள் பலவற்றிற் சிலிக்கோன் உறுதியாகப் பற்றுவதில்லை. செய்யத்தக்கது வேறு. முதலில் நீரை மூன்றிலொரு பங்குக்கு இறக்கிக் கண்ணாடியைத் தன் நேர்நிலைக்கு வரவிடல் வேண்டும். பின்னர் இரு நீண்ட கண்ணாடிகளையும் இணைக்கும் வகையில் ஒரு கண்ணாடிப் பட்டியைக் குறுக்கே வைத்துச் சிலிக்கோனால் ஒட்டி, அது முற்றாக இறுகும் வரை ஒரு கிழமையேனும் காத்திருத்தல் வேண்டும். பழைய சிலிக்கோனின் மேற் புதிய சிலிக்கோன் நன்கு ஒட்டாதாதலால் பழையதை அடியோடு சுரண்டியெடுத்தல் இன்றியமையாதது.

வலிகாமத்துக் கூட்டுக்கு மீள்வோம். பேர்த்தி முதலிற் செய்தது தட்டிப் பார்த்தல். சிறு சுத்தியலால் தட்டியபோது மேற்சட்டங்களும் நிமிர்ந்து நின்ற நான்கு கால்களும் மணியொலி தந்தன. கீழ்ச்சட்டங்களின் ஒலி மங்கியிருந்தது. கம்பித் தூரிகையால் உரசியபோது கறள் அடுக்கடுக்காக உதிர்ந்தது. வேணியர் இடுக்கிமானி கொண்டு அளந்தாள். மேலே ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் இருந்த இரும்பு, கீழே சில இடங்களில் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தது; இரண்டு இடங்களில் துளையே விழுந்திருந்தது. காரணம் வெளிப்படை. எல் வடிவான கீழ்ச்சட்டம் ஒரு வாய்க்காலைப் போல மழைநீரையும் சருகையும் ஆண்டுக்கணக்காகத் தேக்கி வைத்திருந்தது. எடை முழுவதையும் தாங்கவேண்டிய உறுப்பே மிகுதியாகத் தேய்ந்திருந்தது.

கறள் இரும்பை மெலிவிப்பதோடு நில்லாது. அது தான் பிறந்த இரும்பைவிட மிகுந்த இடத்தைக் கொள்வதால், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே வளர்ந்து கண்ணாடியை நெருக்கி வெடிக்கச் செய்யும். எனவே கறளின் மேல் நிறம் பூசுவது நோயை மூடிவைப்பதாகும். மெலிந்த இரும்பின் மேல் உருக்கியொட்டவும் இயலாது. வெம்மையில் அது உருகித் துளையாகும். நல்ல இரும்பு தொடங்கும் இடம் வரை கீழ்ச்சட்டங்களை வெட்டியகற்றிப் புதிய ஆங்கிள் இரும்பைப் பொருத்துவதே வழி என்று முடிவாயிற்று. வெல்டிங் கடைக்காரர் தம் முதல் யோசனையை விட்டுவிட்டு இவ்வேலையில் முழுமனதோடு இறங்கினார். வெம்மையாற் சட்டம் முறுகாதிருக்க எதிரெதிர் மூலைகளில் மாறி மாறிச் சிறு சிறு பொட்டுகளாக ஒட்டினார். ஒவ்வொரு முறையும் மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக உள்ளனவா என்று நூல் பிடித்துப் பார்த்தார். உட்புறத்தில் எழும்பி நின்ற ஒட்டுத் தழும்புகளை அராவிச் சமப்படுத்தினார். அவற்றுள் ஒன்று மீந்திருந்தாலும் அவ்வொரு புள்ளியிலேயே கண்ணாடி அழுந்திக் கீறும். பழைய மூலைகளின் ஒட்டைக் கண்டு, "நல்ல வேலைக்காரன்" என்று ஒரு முறை மட்டும் சொன்னார்.

பழைய நிறப்பூச்சுகளிலும் புட்டியிலும் ஈயம் கலந்திருத்தல் உண்டு. ஆகையால் அவற்றை ஈரமாக்கி, முகத்தை மூடிக்கொண்டு, மணற்கடதாசியாற் தேய்த்தனர். அதன்மேல் எப்பொட்சிப் பூச்சு இருமுறை இடப்பட்டு ஒரு கிழமை காயவிடப்பட்டது. புட்டிக்குப் பதிலாகச் சிலிக்கோனைப் பயன்படுத்துவதிலும் ஒரு நுட்பம் இருந்தது. பொதுவாக மீன்தொட்டிக்குப் பயன்படும் சிலிக்கோன் இறுகும்போது அசற்றிக்கமிலத்தை வெளிவிடும். வினாகிரி மணம் அதனால் எழுவதே. அவ்வமிலம் மூடப்படாத இரும்பை அரிக்கும். பூச்சில் ஓர் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் கறள் அங்கிருந்து மீண்டும் தொடங்கும். எனவே பூச்சு முழுவதையும் வெயிலிற் பிடித்துப் பார்த்து, ஐயமான இடங்களில் மூன்றாம் முறையும் பூசினாள். குளியலறைக்கென விற்கப்படும் பூஞ்சணக்கொல்லி கலந்த சிலிக்கோன் மீனுக்கு நஞ்சாதலால் அது விலக்கப்பட்டது.

பின்னர் அடிக்கண்ணாடி முதலாவதாகவும், நீண்ட பக்கங்கள் அடுத்தும், குறுகிய பக்கங்கள் இறுதியாகவும் பதிக்கப்பட்டன. கண்ணாடி எவ்விடத்தும் இரும்பை நேரே தொடாது, இடையே மென்மையான படையொன்று இருக்குமாறு பார்த்துக்கொள்ளப்பட்டது. பத்து நாள் கழித்து முற்றத்திலே சமதளமான பலகையின் மேல் வைத்து நீர் விட்டனர். முதல் நாள் 10 சென்ரிமீற்றர், மறுநாள் 20. அன்று மாலை ஒரு மூலையில் ஒரு துளி நீர் தோன்றியது. துடைத்தால் மீண்டும் தோன்றியது.

அண்டை வீட்டார் ஒருவர், வெளியிலிருந்து கொஞ்சம் பசை தடவினாற் போதும் என்றார். கண்ணுக்கு அது போதும்; துளி மறைந்துவிடும். ஆயின் வெளியே தடவிய பசையை நீர் உள்ளிருந்து தள்ளிக்கொண்டேயிருக்கும்; மூட்டினுள் நீர் நின்று இரும்பைத் தின்னும். உள்ளே தடவிய பசையையோ நீரே மூட்டின் மேல் அழுத்தி வைக்கும். விடுமுறை முடிய ஐந்து நாளே இருந்தது. பேர்த்தி தயங்கினாள். அப்பம்மா ஒன்றும் சொல்லாது வாளியை எடுத்துவந்து நீரை மொண்டு மாமரத்துக்கு ஊற்றத் தொடங்கினார். அம்மூலை மீண்டும் சுரண்டப்பட்டு, உலர்த்தப்பட்டு, உள்ளிருந்து புதிதாகப் பூசப்பட்டது.

திருத்திய தொட்டியை ஐயத்தோடு நோக்குதல் மிகையன்று. பேர்லின் நகரில் ஓர் உல்லாச விடுதியினுள் பல மாடி உயரத்துக்கு எழுந்து நின்ற உருளை வடிவான அக்கிரிலிக்குத் தொட்டி, ஏறத்தாழப் பத்து இலட்சம் லீற்றர் நீரும் 1500 மீன்களும் கொண்டது. அது முற்றாக வெறுமையாக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் விடியற்காலை வெடித்துச் சிதறியது. மீன்களுட் பெரும்பாலானவை மடிந்தன. விடியற்காலையாதலாற் பெரும் மனித இழப்பு நேரவில்லை. பின்னர் நடந்த ஆய்வு, ஒட்டுமூட்டின் தளர்ச்சி உட்படச் சில சாத்தியங்களை எடுத்துரைத்ததேயன்றி, இதுவே காரணம் என அறுதியிடவில்லை. வல்லுநர் கைபட்ட தொட்டிக்கே இந்நிலை நேருமாயின், வீட்டுத் தொட்டியைத் திருத்துவோர் தம் வேலையைத் தாமே சோதித்தறிதல் எத்துணை அவசியம் என்பது சொல்லாமலே விளங்கும்.

இரண்டாம் சோதனையில் நீர் கசியவில்லை. எனினும் பேர்த்தி 30 சென்ரிமீற்றரோடு நிறுத்தினாள். கால்களின் அடிமுனைகளில், புதிய இரும்பு பழைய இரும்பைச் சேரும் இடத்தில், கறள் தின்ற சிறு குழிகள் எஞ்சியிருந்தன. அவற்றை எடுக்கவேண்டுமாயிற் கால்களையும் வெட்டவேண்டும். பின்னர் அது வேறொருவர் செய்த கூடாகிவிடும். ஆகவே அவள் கூட்டின் வலிமையைக் கூட்டுவதை விட்டுச் சுமையைக் குறைத்தாள். ஆழம் காற்பங்கு குறைந்தால் பக்க விசை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். 96 கிலோகிராம் 54 ஆகும். அடிச்சுமை 192இலிருந்து 144 ஆகும். மூத்தோர் கையிலிருந்து வந்த பொருளிடம் இளமைக்கால வலிமையை எதிர்பாராது, இன்று அதனால் இயன்றதை அளந்து கேட்கும் முறை இது.

மீன்கள் உடனே விடப்படவில்லை. மீனின் கழிவிலிருந்து எழும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் புதிய தொட்டியில் இரா. மீன்தொட்டிகளில் இரண்டாம் பணியைப் பெரும்பாலும் ஆற்றுவது நைத்திரோஸ்பைரா என்னும் இனம் என்பதை 1998ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அயல்வீட்டுத் தொட்டியின் சரளைக்கல் ஒரு கைப்பிடி கொணர்ந்து இடப்பட்டது. சில கிழமைகளின் பின், யாழ்ப்பாணத்துச் சுண்ணக் கற்பாறையின் வன்னீரைப் பொறுக்கக்கூடிய கப்பி மீன்கள் பத்து விடப்பட்டன. அப்போது பேர்த்தி பேராதனைக்குத் திரும்பியிருந்தாள். மாதம் ஒருமுறை நான்கு மூலைகளையும் விரலால் தடவிப் பார்க்கவேண்டும் என்று அவள் சொல்லிச் சென்றதை முதியவர் நாள்தோறும் செய்கிறார். தொட்டியை ஏன் நிரப்பவில்லை என்று வருவோர் கேட்பதுண்டு. "அந்தக் கூட்டுக்கு அவ்வளவு காணும்" என்பார்.

பழுதுற்ற பொருளைத் திருத்துவோர் முன் எப்பொழுதும் இரு வழிகள் உள்ளன. ஒன்று, பார்ப்போர் கண்ணுக்குப் பழுது தெரியாமற் செய்வது. மற்றது, சுமை எங்கே விழுகின்றது, அதனை எவ்வுறுப்புத் தாங்குகின்றது, அவ்வுறுப்புக்கு இன்று எவ்வளவு இயலும் என்று ஆராய்ந்து செய்வது. முதல் வழி எளிது. பாராட்டும் உடனே கிடைக்கும். அதன் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் திருத்தியவர் அல்லர், உள்ளே வாழ்பவரே. தொட்டியினுள் வாழும் உயிர்கள் சட்டகத்தைத் தெரிந்தெடுத்தவை அல்ல. மூலை தளர்ந்தால் வாளி எடுத்து வெளியேறவும் அவற்றால் இயலாது. பிறருக்காகச் சட்டகம் அமைப்போரும் அதனைத் திருத்துவோரும், அது தொட்டியாயினும் வீடாயினும், கையில் தூரிகை எடுக்குமுன் ஒருமுறை தட்டிப் பார்த்தல் நன்று.